குண்டூசி அக்காவின் புதன்கிழமை ஜெபம்

அந்தத் தெருவில் ரகசியம் காக்கிற மனுஷி யார் என்று குண்டூசி அக்காவிடம் கேட்டிருந்தால், கொஞ்சமும் கூச்சப்படாமல் தன்னைத்தான் சொல்லியிருப்பாள். தற்பெருமை பாவம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் உள்ளதைச் சொல்வது பாவமில்லையே என்பது அவள் கட்சி.

பெண்களுக்கு உடுப்பு தைக்கும் கடை வைத்திருந்தாள். தைத்த துணியை ஆள்மேல் போட்டுச் சரிபார்க்கும்போது ஏழெட்டுக் குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டுதான் வேலை செய்வாள். அதனால் வந்த பெயர் அது. எதிரே நிற்கிறவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். இவளோ வாய் திறக்க முடியாதவள். இப்படி ஒருத்தி கிடைத்தால் யார்தான் மனதில் உள்ளதைக் கொட்டாமல் இருப்பார்கள்? மாமியார் போட்ட சண்டை, மகன் வாங்கிய மதிப்பெண், கணவர் விடும் குறட்டை எல்லாம் அந்தச் சின்ன உள்ளறையில், நீளக் கண்ணாடிக்கு முன்னால் வந்து விழுந்தன. அக்கா "ம்" என்பாள். கொஞ்சம் பெரிய விஷயமானால் "ம்ம்" என்பாள். மிகப் பெரிய விஷயமானால் குண்டூசிகளை எடுத்துவிட்டு, "கர்த்தர் பாத்துக்குவார்" என்பாள்.

வாய் சொல்லாததை அளவு டேப் சொல்லிவிடும். சாப்பாட்டைக் குறைத்துவிட்டதாக யார் பொய் சொல்கிறாள், யாருக்கு மூன்று மாதம், யார் கவலையில் இளைத்துப் போனாள் என்பதெல்லாம் டாக்டருக்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

இதில் ஒன்றைக்கூட அவள் ஒரு மனுஷரிடம் சொன்னதில்லை. அதற்குக் காரணம் உண்டு. இருபத்து நாலு வயதில், தொழில் பழகிய கடையில், ஒரு கல்யாணப் பெண்ணைப் பற்றி வாய் தவறி ஒரு வார்த்தை விட்டாள். "பொண்ணு கண்ணாடி முன்னால நின்னு அழுதா, மாப்பிள்ளையப் பிடிக்கல போலிருக்கு" என்றாள். அவ்வளவுதான். அந்த வார்த்தை பட்டன் கடைக்குப் போய், அங்கிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், கல்யாணமே நின்றுவிட்டது. புதுச் செருப்பு கடித்ததால்தான் பெண் அழுதாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அக்கா மூன்று நாள் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் முழங்காலில் நின்று பொருத்தனை செய்தாள். ‘ஆண்டவரே, இனிமேல் அடுத்தவர் விஷயத்தை எந்த மனுஷரிடமும் சொல்ல மாட்டேன்.’

முப்பது வருஷம் அதை இம்மி பிசகாமல் காப்பாற்றினாள். மனுஷர் யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டவரிடம் சொன்னாள்.

ஆண்டவரிடம் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. எங்கே உட்கார்ந்து, எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்பதில்தான் வில்லங்கம்.

புதன்கிழமை மாலை ஆறு மணிக்குச் சபையில் ஜெபக் கூட்டம். வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாய்விட்டு ஜெபிப்பார்கள். மற்றவர்கள் மழைக்காகவும் உலக சமாதானத்துக்காகவும் ஜெபிப்பார்கள். அக்காவுக்கு அப்படி மொத்தமாக ஜெபிக்க வராது. அளவெடுத்துத் தைத்துப் பழகிய ஆள். ஜெபமும் அளவெடுத்த ஜெபம்.

"அன்பின் பரலோகப் பிதாவே, பெயர் சொல்ல மாட்டேன், உமக்கே தெரியும். பச்சைக் கதவு வீட்டு மகளை நினைத்தருளும். இரண்டு மாதத்தில் இடுப்பில் மூன்று அங்குலம் கூடியிருக்கிறது. பிள்ளையா, பேக்கரியா என்பதை நீரே அறிவீர். பிள்ளையானால் சுகப்பிரசவம் தாரும். பேக்கரியானால் மனக்கட்டுப்பாடு தாரும்."

சுற்றிலும் "ஆமென்" என்று கேட்கும். வர வர அந்த ஆமென் பலமாகிக்கொண்டே போவதை அக்கா கவனித்தாள். சபைக்கு விசுவாசம் பெருகுகிறது என்று சந்தோஷப்பட்டு, அடுத்த வீட்டுக்கான ஜெபத்துக்குப் போவாள்.

ஒன்பது பேர் வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு இரண்டு வருஷத்தில் அறுபது பேர் வந்தார்கள். பக்கத்துச் சபைக்காரர்கள் வந்தார்கள். எந்தச் சபைக்கும் போகாத தபால்காரர் வந்தார். இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்தார்கள். பாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பொறுமையைப் பற்றித் தான் கொடுக்கும் இருபது நிமிடப் பிரசங்கச் செய்திக்குத்தான் இத்தனை கூட்டம் என்று அந்த நல்ல மனிதர் முழுமனதாக நம்பினார். சபையில் பக்தி பெருகி எழுப்புதல் உண்டாகியிருக்கிறது, அதுவும் புதன்கிழமைகளில் மட்டும் உண்டாகியிருக்கிறது என்று தலைமைச் சபைக்குக் கடிதம் எழுதி, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை வரவழைத்தார்.

அக்காவின் நாத்தனார் முன்வரிசையை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மடியில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். "ஜெபக் குறிப்பு எழுதிக்கிறேன் அண்ணி, வீட்ல போய் ஜெபிக்கணும்" என்பாள். எத்தனை வீட்டில் போய் ஜெபித்தாள் என்பது அந்தந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் வெளிச்சம்.

ஒரு கட்டத்தில் கடை அடங்கிப்போனது. ஒரு கையின் அளவை எடுப்பதற்குள் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லி முடிக்கிற, பேக்கரி நடத்தும் அம்மா, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தவளைப்போல் நின்றாள்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"இருக்காங்க."

"மகன்?"

"அவனும் இருக்கான்."

இன்னும் சிலர் கடைக்கே வரவில்லை. பழைய சட்டை ஒன்றை அளவுக்கென்று கொடுத்தனுப்பினார்கள். அதுவும் இரண்டு வருஷத்துக்கு முந்தைய சட்டை. அந்த அளவில் தைத்த புதுத் துணிக்குள் உடம்பு நுழையாது என்று அவர்களுக்கும் தெரியும். தையல் பிரிந்தாலும் பிரியட்டும், அளவு புதன்கிழமைக்குப் போகக் கூடாது என்பதுதான் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாதிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த நேரத்தில்தான் டீச்சர் வந்தாள். ஊருக்குப் புதிது, சபைக்கும் புதிது, நாற்பது வயதிருக்கும். கையில் கவுன் தைக்க நல்ல நீலத் துணி. உள்ளறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, துணியை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அதைச் சொல்லாம நீங்க அளவெடுக்க முடியாது. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க டீச்சர்."

"இது புதன்கிழமை வருமா?"

அக்கா காலண்டரைப் பார்த்தாள். "புதன்கிழமைக்குள்ள கஷ்டம். வெள்ளிக்கிழமை கண்டிப்பா தந்துடுறேன்."

"துணியக் கேக்கல. விஷயத்தக் கேக்குறேன்." டீச்சருக்கே சங்கடமாக இருந்தது. "தப்பா நினைக்காதீங்க. நீங்க நல்லா தைப்பீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா உங்ககிட்ட எதைச் சொன்னாலும் புதன்கிழமை ஆறு மணிக்கு ஒலிபரப்பு ஆகிடும்னும் சொல்றாங்க."

"அது ஜெபம் டீச்சர்."

"தெரியும். அதைக் கேக்கத்தான் அறுபது பேர் வர்றாங்கன்னு சொல்றாங்க."

அக்கா அளவு டேப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். டீச்சர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு, கோபமில்லாமல், நீலத் துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்காவின் கணவர் பஸ் டிப்போவில் டிக்கெட் பரிசோதகர். அன்று மாலை அவர் சட்டையைக்கூட மாற்றவில்லை, அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நான் ஜெபம் பண்றத ஊரே வந்து கேக்குதாமே. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"போன வருஷம் என் மூலவியாதிக்காக ஜெபிச்சியே, அன்னைலேர்ந்து. மறுநாள் டிப்போல எல்லாரும் சேந்து எனக்கு ஒரு குஷன் வாங்கிக் குடுத்தாங்க."

"அது நீண்ட கால சேவைக்குன்னு சொன்னீங்க?"

"வேற எப்படிச் சொல்றது?"

"ஏன் அப்பவே எங்கிட்ட சொல்லல?"

"ஜெபத்துல குறுக்க பேசக் கூடாதுன்னு நீதானே சொல்லியிருக்கே," என்றார் அவர். நல்ல மனிதர், அந்தக் குஷனில்தான் உட்கார்ந்திருந்தார்.

அக்கா அழுதாள். வாடிக்கை போனதற்காக இல்லை. அந்தப் பழைய கல்யாணப் பெண்ணுக்குப் பிறகு இன்னொருத்தி வாழ்க்கை தன் வாயால் கெடக் கூடாது என்று கட்டிக் காத்த பேர், கர்த்தருடைய பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான்கு பேர் சொல்வதாக நம்பிக்கொண்டிருந்த பேர், அது இருந்ததே இல்லை. தெருவே சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒருத்தி தன் கஷ்டத்தைச் சொல்ல வந்து, சொல்லப் பயந்து திரும்பிப் போயிருக்கிறாள். அதுதான் அவளை அறுத்தது.

மறுநாள் பாஸ்டரிடம் போனாள்.

"ஐயா, எல்லாரும் என் ஜெபத்தக் கேக்கத்தான் வர்றாங்களாம்."

பாஸ்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். தான் செய்தி கொடுக்கும்போது பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்ப்பதும், அக்கா தொண்டையைச் செருமினால் நிமிர்ந்து உட்காருவதும் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"பொறுமையைப் பத்தின செய்திக்கு இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதுவும் நல்லாத்தான் இருக்குங்க ஐயா," என்றாள் அக்கா. பொய் சொல்ல வேண்டாமே என்று, "கொஞ்சம் நீளம்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்பதென்று முடிவு செய்தாள். யார் யாருக்காக ஜெபித்தோம் என்று யோசித்து எழுதினால் முப்பத்தொரு வீடு வந்தது. முதல் நாள் நான்கு வீட்டுக் கதவைத் தட்டினாள். அன்று சாயங்காலமே அவள் தட்டிய கதவுகளைத் தெரு கணக்கெடுத்துவிட்டது. அதில் ஒரு வீட்டை அதுவரை யாரும் அடையாளம் கண்டுபிடித்திருக்கவில்லை. அக்கா போய் நின்றதில் அதுவும் வெட்ட வெளிச்சமானது.

தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து தெருவில் ஒரு வீடு விடாமல், சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அதிலும் வம்புதான். தனியாக இருந்த கடிகாரக் கடைக்காரர், இவளிடம் ஒரு கைக்குட்டைகூடத் தைத்ததில்லை, வாசலிலேயே நிறுத்திவைத்து விசாரித்தார்.

"என்னப் பத்தி என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலைங்க."

"அப்போ மன்னிப்பு எதுக்கு?"

"பொதுவா."

"பொதுவான்னா? எம்பேர்ல எதோ இருக்கு. இல்லாட்டி நீங்க வர மாட்டீங்க." அவர் ஒரு வாரம் தன் பழைய வாழ்க்கையையெல்லாம் கிளறிப் பார்த்து, ஒன்றும் அகப்படாமல், மனசு விட்டுப்போனார். மூலை வீட்டு அம்மாவுக்கு வேறு வருத்தம். "இத்தனை பேருக்கு ஜெபிச்சிருக்கீங்க, எனக்கு மட்டும் ஏன் ஜெபிக்கல? என் மூட்டுவலி கண்ணுக்குத் தெரியலையா?" என்று அக்காவை நிற்கவைத்துக் கேட்டாள்.

அடுத்த புதன்கிழமை நாற்காலிகள் நிறைந்திருந்தன. அக்காவின் முறை வந்தது. அறுபது பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

"ஆண்டவரே, எல்லாரையும் உமக்குத் தெரியும். ஆமென்."

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. தொடரும் என்று நினைத்தார்கள். நாத்தனார் பேனாவை நோட்டின்மேல் வைத்தபடியே இருந்தாள். பாஸ்டர் பாட்டுத் தொடங்கிய பிறகுதான் அவ்வளவுதான் என்று புரிந்தது. மறுவாரம் நாற்பது பேர். அதற்கடுத்த வாரம் இருபது. மழை பெய்த ஒரு வாரத்தில் பழையபடி ஒன்பது. எழுப்புதல் வந்த வழியே போய்விட்டது.

ஆனாலும் கடைக்குள் யாரும் வாய் திறக்கவில்லை. நான்கு மாதம் அப்படியே போனது. பேர் கெடுவதற்கு ஆன நேரத்தைவிட நல்ல பேர் வருவதற்கு அதிக நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நான்கு மாதம் ரொம்பவே நீளமாக இருந்தது. ஜெபத்தை மட்டும் விடவில்லை. மதியம் கடையைச் சாத்திவிட்டு, உள்ளறையில் உட்கார்ந்து, உதடு அசையாமல் ஜெபித்தாள். முதலில் நாக்கு துறுதுறுத்தது. போகப் போகப் பழகிவிட்டது.

ஐந்தாவது மாதம் டீச்சர் வந்தாள், அதே நீலத் துணியோடு. வேறு கடைக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒருத்தி அளவைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருத்தி எழுத, காத்திருக்கிற பத்துப் பேரும் கேட்பார்களாம். பாதியில் எழுந்து வந்துவிட்டாள். போக்கிடம் இல்லாமல்தான் இங்கே வந்திருக்கிறாள், நம்பி வரவில்லை. அக்காவுக்கு அது தெரிந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு டீச்சர் விஷயத்தைச் சொன்னாள். என்ன விஷயம் என்று இங்கே எழுதுவதற்கில்லை. உடம்பைப் பற்றியது, ஆஸ்பத்திரியைப் பற்றியது, தையலில் மறைக்க வேண்டியது, அதற்குமேல் தெரியாது. அக்கா வாயில் குண்டூசி வைக்கவில்லை. அளவை நோட்டில் எழுதவும் இல்லை, மனப்பாடம் செய்தாள். மூன்று தடவை தைத்துப் பிரித்து, நான்காம் தடவை சரியாக வந்தது. கவுனைப் போட்டுக்கொண்டு டீச்சர் கண்ணாடிக்கு முன்னால் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணுமே தெரியல," என்றாள்.

வந்தது புதன்கிழமை. ஒன்பது பேர்தான், எல்லாரும் நல்லவர்கள், டீச்சருக்காக உருகி ஜெபிக்கக்கூடியவர்கள். முப்பது வருஷத்தில் அக்காவுக்கு இப்படி ஒரு பாரம் நெஞ்சில் இருந்ததில்லை. ஒரு வரி சொன்னால் போதும், பெயர்கூட வேண்டாம். வாயைத் திறந்தாள். டீச்சர் கண்ணாடி முன்னால் திரும்பிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. தாரை தாரையாகக் கண்ணீர் வந்ததே தவிர வார்த்தை வரவில்லை. "ஆமென்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் சும்மா இருப்பாளா? அண்ணி சபை நடுவில் நின்று அழுதாள், ஜெபமே வரவில்லை, விசுவாசம் போய்விட்டது என்று மறுநாள் தெருவெல்லாம் பேச்சு. ஏதோ மறைவான பாவம் என்று சிலர். கணவருக்கு மூலவியாதி முற்றிவிட்டது என்று சிலர். டிப்போவில் அவருக்கு இரண்டாவது குஷன் கொடுத்தார்கள். அடுத்த புதன்கிழமை பாஸ்டரே எழுந்து ஜெபித்தார்.

"ஆண்டவரே, பெயர் சொல்லவில்லை, உமக்கே தெரியும். கழுத்தில் அளவு டேப் தொங்குகிற அந்தச் சகோதரியை மீட்டெடுத்தருளும்."

அக்கா மெதுவாக டேப்பைக் கழற்றிப் பையில் வைத்தாள். அதற்கு மறுவாரம் நாற்பது பேர் வந்தார்கள். அதற்கும் மறுவாரம் நாற்காலி போதவில்லை.

"அண்ணி, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்று நாத்தனார் கடைக்கே வந்து கேட்டாள். "அன்னைக்கு எதுக்கு அழுதீங்க? காரணத்தச் சொல்லிட்டா இந்தப் பேச்செல்லாம் அடங்கிடும். எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

சொல்லியிருந்தால் அடங்கியிருக்கும். கெட்ட பேரும் போயிருக்கும், பக்கத்து வீட்டுக்காரிகள் பார்க்கிற பார்வையும் மாறியிருக்கும். அக்கா ஓரம் மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேசுறவங்க பேசிட்டுப் போகட்டும்," என்றாள். நாத்தனார் போன பிறகு உள்ளறைக்குப் போய், வலிக்கிறது ஆண்டவரே என்று ஒரு மூச்சு அழுதாள்.

அக்கா அழுததிலிருந்து ஏழாவது வாரம். ஜெபத்துக்கு முன், கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று பாஸ்டர் சொன்னதும், நீலக் கவுனில் டீச்சர் எழுந்தாள். வகுப்பறைக் குரல்; ஜன்னல் கட்டையில் இருந்தவர்கள்கூடக் காலை மடக்கி உட்கார்ந்தார்கள்.

"எனக்கு ஒரு கஷ்டம் இருக்கு. இந்த ஊர்ல ஒரே ஒருத்தங்ககிட்டதான் சொன்னேன். சொல்லி ஏழு வாரத்துக்கு மேல ஆகுது. அது என்னன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

நாத்தனார் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"தெரியாதுல்ல? அதுதான் என் சாட்சி. அந்தச் சகோதரிக்கு விசுவாசம் ஒண்ணும் குறையல. எனக்காக வாயை மூடிக்கிட்டு, உங்ககிட்ட கெட்ட பேரையும் வாங்கிக்கிட்டாங்க. பாஸ்டர், நீங்க ஜெபத்த ஆரம்பிக்கலாம்."

டீச்சர் உட்கார்ந்தாள். பாஸ்டர் அக்காவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "சிஸ்டர், மன்னிக்கணும்," என்றார். அறுபது பேர் முன்னால் சொன்னார். அன்று அவர் செய்தியே கொடுக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் வாசலில் அக்காவைச் சுற்றி ஒரே நெரிசல். நாத்தனார் எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்து, காதோடு காதாகக் கேட்டாள்.

"அண்ணி, டீச்சருக்கு என்ன?"

"டீச்சருக்கு என்ன? நல்லாத்தானே இருக்காங்க. கவுன் கச்சிதமா இருக்கு பாரு," என்று சொல்லிவிட்டு அக்கா செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே வாசலில் மூன்று பெண்கள் நின்றார்கள். மூன்று பேருக்கும் ஒரு கொக்கி தைக்க வேண்டியிருந்ததாம். ஒவ்வொருத்தியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதல் கொக்கிக்கு நாற்பது நிமிடம். இரண்டாவதற்கு ஒரு மணி நேரம். வெளியே வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு போனாள். மூன்றாவது முடியும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

சாயங்காலம் வந்த கணவர், காலையிலிருந்து அப்படி என்ன வேலை என்று கேட்டார்.

"மூணு கொக்கி தெச்சேன்," என்றாள்.